கொள்ளைநோயும் குளிர்த்தியும்: திருகோணமலையை முன்வைத்துச் சில விமர்சனக் குறிப்புகள்

சிலப்பதிகாரத்தின் முகப்பிலே, பதிகத்தை அடுத்து, உரைபெறு கட்டுரை எனப்படும் சிறு உரைநடைப் பகுதியொன்று அமைந்துள்ளது. மதுரை எரியுண்ட பின்னர் பாண்டி நாட்டில் மழை பொய்த்ததையும், வறுமை மிகுந்ததையும், வெப்புநோயும் அம்மையும் தொடர்ந்ததையும் அது கூறுகின்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டு விழவெடுத்தான். அதன் பின்னர் மழை பெய்தது, நோய் நீங்கிற்று. கடல்சூழ் இலங்கைக் கயவாகு பத்தினிக்குக் கோட்டம் அமைத்து ஆடித்திங்களில் விழவு கண்டதும் இப்பகுதியிலேயே பேசப்படுகின்றது. நீர்ப்படைக் காதையிலும் ஆயிரவர் பலி மீண்டும் சொல்லப்படுகின்றது. இவ்வுரைநடைப் பகுதி இளங்கோவடிகளால் ஆக்கப்பட்டதா, பின்னர் சேர்க்கப்பட்டதா என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஈண்டு அவ்வினாவினுள் நுழைய வேண்டியதில்லை. காப்பியத்தைப் பாடமாகப் பயிலும் நாம் கயவாகுவின் பெயரைக் காலக்கணிப்பின் பொருட்டு மீண்டும் மீண்டும் எடுத்தாள்கின்றோம். பலியுண்ட ஆயிரவரைப் பற்றி யாதும் கூறாது கடந்து போகின்றோம்.

குற்றமிழைத்தவன் பொற்கொல்லன் ஒருவனே. தவறான தீர்ப்பை வழங்கியவன் அரசன். ஆனால் நோய் வந்தபோது உயிரிழந்தோர், அவ்வொருவனோடு தொழிலாலும் பிறப்பாலும் உறவுடையோர் என்பதைத் தவிர வேறு குற்றமறியாத ஆயிரம் பேர். தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கொள்ளைநோய்ச் சித்திரிப்புகளுள் ஒன்று, நோய்க்குக் காரணமாக ஒரு சமூகப் பிரிவினரைக் காட்டி அவர்களை அழிக்கும் அரசையும் சேர்த்தே சித்திரிக்கின்றது. அது கண்டனக் குரலிலன்றி மங்கலக் குரலில் சொல்லப்படுகின்றது என்பதே நம்மை உறுத்த வேண்டியது.

கொவிட் 19 பெருந்தொற்றின்போது இலங்கையில் நிகழ்ந்தவற்றை இவ்வுரைநடையின் அருகில் வைத்து நோக்குவது பொருத்தமற்றதன்று. 2020 மார்ச்சு 20 ஆந் திகதி நாடளாவிய ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மார்ச்சு இறுதியில் நோயினால் இறந்த முதலாவது முஸ்லிம் ஒருவரின் உடல் தகனம் செய்யப்பட்டது. ஏப்பிரல் 11 ஆந் திகதி வெளியான வர்த்தமானி, இந்நோயினால் இறந்தோர் யாவரையும் தகனம் செய்தல் கட்டாயம் என விதித்தது. அடக்கம் செய்வதாலும் ஆபத்தில்லை என உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தும் அவ்விதி ஏறத்தாழப் பத்து மாதங்கள் நிலைத்தது. அதனை எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசெம்பர் முதலாந் திகதி காரணம் கூறாமலே விசாரணைக்கு எடுக்க மறுத்தது. அம்மாதத்திலேயே பிறந்து 20 நாளேயான குழந்தையொன்று பெற்றோரின் இசைவின்றித் தகனம் செய்யப்பட்டது. பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் இன பேதமின்றி வெண்துணிகளைக் கட்டினர். அவை இரவோடிரவாக அகற்றப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கத்திற்கு அனுமதி கிடைத்தது. அதன் பின்னரும் உடல்கள் நாட்டின் எப்பகுதியிலிருந்தும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகருக்கே கொண்டுவரப்படல் வேண்டியதாயிற்று. 3,600 இற்கு மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

இவ்வரசாணை திருகோணமலை மாவட்டத்தில் எவ்வாறு உணரப்பட்டிருக்கும் என்பதை உய்த்துணர, அம்மாவட்டத்தின் அமைப்பை அறிதல் அவசியம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதத்தினர். தமிழர் ஏறத்தாழ 31 வீதத்தினர். சிங்களவர் ஏறத்தாழ 27 வீதத்தினர். எவரும் அறுதிப் பெரும்பான்மையினரல்லர். கொட்டியாரக்குடாவைச் சூழ்ந்து மூதூர், சம்பூர், கிண்ணியா எனத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 2006 சனவரி 2 ஆந் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் உதவிப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். மாவிலாற்றை அடுத்து எழுந்த போரில் மூதூர் முஸ்லிம்களும் சம்பூர்த் தமிழரும் இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களிற் பலர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தம் நிலத்திற்குத் திரும்ப இயலாதிருந்தனர். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு நோய் பெருகிப் பாடசாலைகள் மூடப்பட்டதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. போரும் கொள்ளைநோயும் இங்கு மாறிமாறி வந்தவை. நூலில் மட்டும் படித்தவையல்ல.

இத்தகைய சூழலில் நோய் வருங்கால் அதனை எதிர்கொள்ளும் இன்னொரு மரபும் கிழக்கிற்கு உண்டு. அது குளிர்த்தி. வைகாசித் திங்களில் கிழக்கின் கண்ணகை அம்மன் கோயில்களிற் சடங்கு நிகழும். பல கோயில்களின் கதவு ஆண்டில் அச்சில நாட்களுக்கே திறக்கப்படும். ஊரார் கூடிக் கண்ணகி வழக்குரை படிப்பிப்பர். பெண்கள் நெல்லுக் குற்றுவர், குரவையிடுவர். இறுதியில் அம்மனின் வெஞ்சினம் தணியுமாறு குளிர்த்தி பாடப்பெறும். அம்மை, கொப்புளிப்பான் முதலிய வெப்புநோய்கள் அச்சினத்தின் வெளிப்பாடுகள் என்பது நம்பிக்கை. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாடும் இதே பொருளையுடையது. குழந்தைகளுக்கு அம்மை கண்டு குணமானபின் மூத்த பெண்கள் எழுவரை அழைத்துப் பாற்சோறு படைக்கும் கிரி அம்மா தானம் அவ்வழிபாட்டோடு தொடர்புடையது. கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பெருநூல் பத்தினி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்துள்ளது. தம்பலகாமத்தை அண்டிய பாலம்போட்டாற்றுப் பத்தினி அம்மனும், நகரத்துப் பத்திரகாளியும், சல்லி முத்துமாரியும் திருகோணமலைப் பெண்களின் நேர்த்திகளைப் பெறும் தெய்வங்கள்.

உரைபெறு கட்டுரையையும் குளிர்த்தியையும் ஒப்புநோக்குவோர் ஒரு வேறுபாட்டை எளிதில் உணர்வர். முன்னையதில் அரசன் உயிர்ப்பலி கொடுத்து நோயை நீக்குகிறான். பின்னையதில் ஊர் முழுவதும் சேர்ந்து சினத்தைத் தணிக்க முயல்கின்றது, எவரும் பலியாவதில்லை. ஆயினும் குளிர்த்தியை மிகைபடப் புகழ்தலும் விமர்சனமாகாது. பாடுவோரும் படிப்போரும் ஆண்கள். குற்றுவோரும் சமைப்போரும் பெண்கள். சாதி வரம்புகளும் அச்சடங்கினுள் உண்டு. முஸ்லிம்களுக்கு அதில் இடமில்லை. எனவே கிழக்கின் இனநல்லுறவை இச்சடங்கிலிருந்து நேரடியாக வருவித்துவிட முடியாது.

அந்நல்லுறவின் பொருளியல் அடிப்படையை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். மணமான பின் கணவன் மனைவியின் இல்லத்திற்குச் செல்வதும், வீட்டைப் பெண்ணுக்கே சீதனமாக எழுதுவதும் கிழக்கின் தமிழர், முஸ்லிம் இருசாராரிடையேயும் வேரூன்றிய வழக்கங்கள். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு டெனிஸ் மக்கில்வ்ரே செய்த ஆய்வுகள் இதனை விரிவாகக் காட்டியுள்ளன. அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் தாய்வழிக் குடிமுறை உறுதியாக நிற்கின்றது. வடக்கே வரவர அது நலிந்திருப்பினும் பெண்வீட்டில் வாழும் வழக்கம் தொடர்கின்றது. இதன் விளைவு யாது? ஓர் ஒழுங்கையில் அக்கா, தங்கை, தாய், பெரியம்மா ஆகியோரின் வீடுகள் அடுத்தடுத்து அமைகின்றன. ஆண்கள் வெளியிலிருந்து வந்து சேர்பவர்கள். அயல் என்பது பெண்களால் ஆனது. இரு சமூகத்து ஒழுங்கைகள் முட்டும் எல்லையில் முறுகல் எழும்போது, எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதை அறிந்தவர்கள் அப்பெண்களே. பெண்கள் இயல்பிலேயே சமாதானப் பிரியைகள் என்ற கூற்றைக் காட்டிலும், வீட்டுரிமையும் அயலறிவும் அவர்களிடம் இருக்கின்றன என்ற விளக்கம் உண்மைக்கு அண்மையது.

2020 ஆம் ஆண்டில் இவ்வயலறிவு எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை ஒருவாறு வரிசைப்படுத்தலாம். நோய்த்தடுப்புச் செயற்பாட்டு மையத்திற்கு இராணுவத் தளபதி தலைமை தாங்கினார். தனிமைப்படுத்தல் முகாம்களைப் படையினர் நடத்தினர். வேறு மாவட்டங்களில் இது நிருவாகத் திறமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் சீருடை தரித்தோர் வந்து அழைத்துச் சென்ற பின் மீளாதோரை எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகளில், சீருடை தரித்தோர் வந்து நோயாளியை அழைத்துச் செல்வது வேறு பொருளைத் தரும். அத்தகைய வீட்டில் மருத்துவமாது ஒருவரின் சொல்லே ஏற்கப்படும்; அவர் பிள்ளைப்பேற்றுக்கு வந்தவர், தடுப்பூசி போட்டவர், பெயர் தெரிந்தவர். அதே ஆண்டு சூன் மாத முற்பகுதியில், ஊரடங்கின் நிழல் நீங்குமுன்னரே, கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கான சனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்திற்கான அச்செயலணியின் தொடக்க உறுப்பினருள் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இருக்கவில்லை. நோய்க்காலத்திலும் நிலம் பற்றிய அச்சம் ஓய்வு கொள்ளவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் நோய் பரவியதும் நாடெங்கும் மீன் வாங்குவோர் இல்லாதொழிந்தனர். முன்னாள் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டியது அக்காலத்து வேடிக்கைகளுள் ஒன்று. திருகோணமலைக் கடற்கரையில் அது வேடிக்கையன்று. தோணி கரைசேர்ந்தும் விலையில்லை. எஞ்சியதைக் கருவாடாக்கும் வேலை பெண்களின் தலையில் விழும். அரசு வழங்கிய 5,000 ரூபாய்க் கொடுப்பனவு எத்தனை நாளுக்குப் போதும் என்பதை இல்லம் நடத்துவோர் அறிவர். இதனோடு நுண்கடனும் சேர்ந்தது. நுண்கடன் வழங்கும் முறையில் ஒரு குழுவிலுள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் ஏனையோர் கட்டல் வேண்டும். போரில் கணவனை இழந்தோரும் காணாமற்போனோரின் மனைவியரும் மிகுந்த மாவட்டங்களில் இம்முறை அயலைப் பகையாக மாற்றும் வல்லமை உடையது. வருமானம் நின்ற மாதங்களில் அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் இடையே பேச்சு நின்றால், அதுவும் ஒரு சமாதானப் பிரச்சினையே. இன முரண்பாட்டை மட்டுமே சமாதானத்தின் பொருளாகக் கொள்ளும் அறிக்கைகளில் இது இடம்பெறுவதில்லை.

அறிக்கைகள் என்னும் இலக்கிய வகை பற்றி இங்கு சில கூறல் தகும். அதுவும் ஒருவகை எழுத்தே, அதற்கும் மரபும் உத்தியும் உண்டு. ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2000 ஒக்டோபர் 31 இல் நிறைவேற்றிய 1325 ஆம் இலக்கத் தீர்மானத்தின் பின்னர் 'சமாதானத்தைக் கட்டியெழுப்பும் பெண்' என்னும் பாத்திரம் அவற்றில் நிலைபெற்றுவிட்டது. அவள் பொறுமையானவள், எல்லாச் சமூகத்தாருடனும் பேசுபவள், கோபப்படாதவள். 2020 மார்ச்சு 23 இல் செயலாளர் நாயகம் குத்தரெஸ் உலகளாவிய போர்நிறுத்தத்தைக் கோரினார்; பாதுகாப்புச் சபை அதனை 2532 ஆம் இலக்கத் தீர்மானமாக ஏற்க சூலை முதலாந் திகதி வரை காத்திருந்தது. இடைப்பட்ட நூறு நாட்களில் பெண்கள் ஆற்றிய பணியைத் தீர்மானம் பாராட்டவும் தவறவில்லை. லைபீரியாவில் 2003 இல் போரை நிறுத்தக் கோரி வெண்ணாடை அணிந்து வீதியிலமர்ந்த பெண்களின் அமைப்புகள், 2014 இல் எபோலா பரவியபோது தம் சமாதானக் குடில்களையே சுகாதார அறிவூட்டலுக்குப் பயன்படுத்தின. அவ்வெற்றி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆனால் அப்பெண்கள் 2003 இல் பேச்சுவார்த்தை மண்டபத்தின் வாயிலை மறித்து, உடன்பாடு காணாது எவரும் வெளியேற முடியாது என்று உட்கார்ந்தவர்கள் என்பது எபோலாவைப் பற்றிய பக்கங்களில் மங்கிவிடுகின்றது. மறித்தவர்களாக இருந்தமையாலேயே பின்னர் அவர்கள் சொல் நம்பப்பட்டது.

இலங்கையில் அத்தகைய வாய்ப்பு மிகக் குறுகியதாய் இருந்தது. 2002 ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தைகளின்போது இருதரப்பிலிருந்தும் ஐந்து ஐந்து பெண்களைக் கொண்ட பால்நிலை உபகுழு ஒன்று அமைக்கப்பட்டு, 2003 மார்ச்சில் கிளிநொச்சியிற் கூடியது. அடுத்த மாதமே பேச்சுவார்த்தை தடைப்பட்டது, குழுவும் அற்றுப்போயிற்று. பெண்கள், சமாதானம், பாதுகாப்பு பற்றிய தேசிய செயற்றிட்டம் 2023 இலேயே வெளிவந்தது. 1325 ஆம் தீர்மானத்திற்கும் அதற்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள்.

மீண்டும் குளிர்த்திக்கு வருவோம். வி. சீ. கந்தையா 1968 இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரையைப் பார்ப்போர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். கடலோட்டும் அடைக்கலமும் கொலைக்களமும் கடந்து, வழக்குரைத்த கதை வருகின்றது. அதன் பின்னரே குளிர்ச்சிக் கதை. நூலுக்குப் பெயரும் வழக்கினாலேயே வந்தது. ஊர்ப் பெண்கள் அம்மனை நோக்கிக் 'குளிர்ந்தருள்வாய்' என்று வேண்டும் உரிமை, அவள் சபையேறி நியாயம் கேட்டு வென்ற பின்னரே அவர்களுக்குக் கிட்டுகின்றது. வழக்கைக் கேளாமல் குளிரச் சொல்லும் வழக்குரை ஏடு ஒன்றும் இல்லை. சமாதான அறிக்கைகளின் குறை இவ்வொழுங்கைத் தலைகீழாக்கியமையே என்பது இக்கட்டுரையின் கருத்து. அவை பெண்ணை முதலில் குளிரச் சொல்கின்றன. வழக்கைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்கின்றன.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரின் நிலையை இதனோடு பொருத்திப் பார்க்கலாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களது தொடர் போராட்டம் திருகோணமலை உட்பட ஏனைய மாவட்டங்களுக்கும் பரவியது. 2020 சனவரியில், நோய் நாட்டினுள் நுழைந்துகொண்டிருந்த அதே நாட்களில், காணாமற்போனோர் இறந்துவிட்டனர் என்றும் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் அன்றைய சனாதிபதி கூறினார். இதுவும் ஒருவகைக் குளிர்த்திப் பாட்டே. வழக்குக் கேட்கப்படாமற் பாடப்பட்டது. தாய்மார் அதனை ஏற்கவில்லை. ஊரடங்கும் ஒன்றுகூடற் தடையும் அவர்களது பந்தல்களைச் சுருக்கின. முதுமையும் நோயும் அவர்களிற் பலரை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டன. அறிக்கைகளின் இலக்கணப்படி இவர்கள் சமாதானத்தைக் கட்டுவோர் அல்லர், கோபக்காரர்கள். தெற்கிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1992 இல் அன்னையர் முன்னணியைச் சேர்ந்த சிங்களத் தாய்மார் முகத்துவாரம் காளிகோயிலிற் கூடித் தேங்காய் உடைத்துச் சாபமிட்டனர். அவர்களின் கண்ணீரும் சாபமும் அரசியல் மொழியாக இயங்கியதை மாலதி டி அல்விஸ் ஆராய்ந்துள்ளார். தமிழ்க் காளியின் முன் சிங்களத் தாய் இட்ட சாபம், இனநல்லுறவு பற்றிய கருத்தரங்குகள் பலவற்றைக் காட்டிலும் ஆழமான உறவொன்றைத் தொட்டது எனலாம்.

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணி திருகோணமலையையும் கடந்து சென்றது. காணாமலாக்கப்பட்டோருக்கான நீதியும், சனாசாக்களை எரிப்பதை நிறுத்தலும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றன. இரு சமூகத்தாரும் ஒன்றாக நடந்தனர். 1990 இன் கசப்புகளை அறிந்தோர் இதன் பெறுமதியை உணர்வர். இங்கு இருசாராரையும் இணைத்தது, இருவர் வழக்கும் கேட்கப்படவில்லை என்ற உணர்வு. அன்றியும், இருவர் வழக்கும் உடலைப் பற்றியது: ஒருவர்க்கு உடல் கிடைக்கவில்லை, மற்றவர்க்குக் கிடைத்த உடலை மண்ணில் வைக்க இயலவில்லை.

இவ்வொற்றுமையை மிகைப்படுத்துதலும் ஆகாது. அதற்கு அடுத்த மாதமே, கொவிட் நோயினால் இறந்த முஸ்லிம்களை இரணைதீவில் அடக்கம் செய்ய அரசு முனைந்தபோது, 2018 இல் தம் தீவை மீட்கத் தோணியேறிச் சென்ற கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் அதனை எதிர்த்தன. அவரவர் ஊரிலேயே அவரவரை அடக்கம் செய்ய விடவேண்டும் என்ற அவர்களது வாதம் நியாயமானது. எனினும், துன்புற்ற ஒரு சமூகத்தின் நிலத்தை இன்னொரு துன்புற்ற சமூகத்தின் பிணங்களுக்கு ஒதுக்கும் அத்திட்டத்தின் வஞ்சகம், இருவரையும் ஒருவரையொருவர் ஐயுறச் செய்தது. திருகோணமலையிலும் 2018 இல் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா குறித்து எழுந்த பிணக்கு, பெண்களைப் பெண்களுக்கு எதிராக வீதியில் நிறுத்தியது. ஒழுங்கைகளின் அயலறிவு எங்கு செல்லுபடியாகும், எங்கு ஆகாது என்பதற்கு இவை எல்லைக் கற்கள். நிறுவனமும் கட்சியும் ஊடகமும் புகுமிடத்தில் அயல் பின்வாங்குகின்றது.

இலக்கியத்தில் இவை எவ்வளவு பதிவாகியுள்ளன என்னும் கேள்வி எஞ்சுகின்றது. திருகோணமலைக்கு எழுத்து மரபு இல்லையென்று கூற இயலாது. 'மோகனாங்கி'யைத் தந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையும், மூதூரின் வ. அ. இராசரத்தினமும், தருமு சிவராமுவும், நாவலாசிரியை ந. பாலேஸ்வரியும் அம்மண்ணினர். பெண்கள் தம் கோபத்தைக் கவிதையாக்கிய வரலாறும் ஈழத்தில் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1986 இல் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' தொகுதியின் தலைப்பே அதனை உணர்த்தும். ஆயினும் நோய்க்காலத்து எழுத்திற் பெரும்பகுதி தனிமையையும் சன்னலையும் பாடியது. சன்னலுக்கு வெளியே தவணைப் பணத்துக்காகக் குழுத்தலைவி வந்து நிற்பதையும், சனாசா எங்கே கொண்டுசெல்லப்படுகிறது என்று அறியாது ஒரு வீடு விழித்திருப்பதையும், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் என்ன சொல்லி ஆற்றுவது என்று தெரியாமல் வேலியோரம் நிற்பதையும் எழுதுவதற்கு, வாசகரை இரங்க வைக்கும் நோக்கு மட்டும் போதாது. வழக்குரைக்கும் நோக்கு வேண்டும். உரைபெறு கட்டுரை மங்கலக் குரலிற் சொல்லிச் சென்ற ஆயிரவர் பலியை அவர்தம் மனைவியர் நிலையில் நின்று திருப்பிச் சொல்லும் ஒரு கூத்தோ கவிதையோ, இன்று கிழக்கில் எழுதப்படுமாயின் அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

கட்டாயத் தகனத்துக்காக முஸ்லிம் மக்களிடம் மன்னிப்புக் கோருவதற்கு அமைச்சரவை 2024 சூலையில் இசைந்தது. அம்மன்னிப்பு அமைச்சரவைத் தீர்மானமாகவே வந்தது. 2020 டிசெம்பர் முதலாந் திகதி திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களுக்குக் காரணம் இன்னது என்று அத்தீர்மானமும் கூறவில்லை.